மத்தியானத்தில் மிஞ்சும் மின்சாரம்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவின் முழங்கால் சத்திரசிகிச்சை நல்லபடியாக முடிந்தது கேட்டு நிம்மதி. மகள் படிப்பை முடித்து வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள் என்று எழுதியிருந்தாய். படத்தில் பார்த்தால் அப்படியே உன் அம்மா. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். மழை கொஞ்சம் பிந்தித்தான் தொடங்கியது, ஆனாலும் கிணறு நிறைந்துவிட்டது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஊர் வீட்டுக் கூரையில் சோலார் போடலாமா என்று கேட்டிருந்தாய். இவ்வளவு வெயில் அடிக்கிற இலங்கையில் இன்னும் எதற்குக் கரண்ட் பஞ்சம் என்றும் கேட்டிருந்தாய். முதல் கேள்விக்கு ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம்: போடு, ஆனால் பற்றரியோடு போடு. அது ஏன் என்று விளங்க வேண்டுமென்றால் இரண்டாவது கேள்விக்குள் போக வேண்டும். கொஞ்சக் காலமாகவே என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிற விஷயம் அது. கடிதம் நீண்டால் பொறுத்துக்கொள்.

2022 மார்ச் கடைசியில் இங்கே ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தது உனக்குத் தெரியும். அப்போது நீ தொலைபேசியில் எடுத்தால் பாதிக் கதையில் என் போன் செத்துவிடும். எண்ணெய் வாங்க டொலர் இல்லை, நீர்த்தேக்கங்களிலும் தண்ணீர் இல்லை. அதற்கு மூன்று வருடம் கழித்து, 2025 சித்திரை வருடப்பிறப்புக்கு மின்சார சபை ஒரு வேண்டுகோள் விட்டது. ஏப்ரல் 13 முதல் 21 வரை, கூரையில் சோலார் வைத்திருப்பவர்கள் பிற்பகல் 3 மணி வரை அதை நிறுத்தி வையுங்கள் என்று. கரண்ட் இல்லாமல் தவித்த அதே நாட்டில், கரண்ட் மிஞ்சுகிறது, தயவுசெய்து தராதீர்கள் என்ற கதை. வாசித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

யோசித்துப் பார்த்தால் காரணம் லேசானதுதான். மின்சாரத்தை உற்பத்தி செய்கிற அதே நொடியில் யாராவது பாவிக்க வேண்டும். பண்டிகை நாட்களில் தொழிற்சாலை, அலுவலகம் எல்லாம் பூட்டு. பாவனை விழுந்துவிடும். ஆனால் வெயிலுக்கு விடுமுறை கிடையாது. கூரைகளிலிருந்து வருகிற மின்சாரத்தைச் சபை விரும்பினபடி கூட்டவோ குறைக்கவோ முடியாது. அது கூடக் கூட, மற்ற நிலையங்களைக் குறைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு கட்டத்துக்குக் கீழே அவற்றைக் குறைக்கவும் முடியாது.

அதற்கு இரண்டு மாதம் முன்னர், பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகலில், பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதால் தீவு முழுவதும் இருண்டது என்று அமைச்சர் சொன்னார். வெளிநாட்டுப் பத்திரிகைகளெல்லாம் அந்தக் குரங்கை எழுதித் தள்ளின. நீயும் எனக்கு ஒரு படம் அனுப்பியிருந்தாய். ஆனால் ஒரு குரங்குக்கு ஒரு நாட்டையே இருட்டாக்குகிற பலம் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாவனை குறைவு. நல்ல வெயில், ஆகவே அந்த நேரத்து மின்சாரத்தில் பெரிய பங்கு சூரிய ஒளியிலிருந்து வந்துகொண்டிருந்தது. நீர்மின் நிலையத்திலும் அனல்மின் நிலையத்திலும் தொன் கணக்கான பாரமுள்ள சுழலிகள் சுற்றுகின்றன. பாரம் ஏற்றிய சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் அது கொஞ்சத் தூரம் உருண்டு போகும் இல்லையா, அதுபோல எங்காவது ஒரு பழுது வந்தாலும் அந்தச் சுழற்சி சில நொடி தாங்கிப் பிடிக்கும். அதற்குள் மற்ற நிலையங்கள் சுதாரித்துக்கொள்ளும். சோலார் தகட்டில் சுற்றுகிற பொருள் எதுவும் இல்லை. 50 ஹேர்ட்ஸ் என்ற அதிர்வெண் அளவுக்கு மிஞ்சிக் குலைந்தால் தகட்டு மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றுகிற இன்வேர்ட்டர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளத் தாங்களே நின்றுவிடும். ஒன்று விழ மற்றது விழுந்து, நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோயின. அவற்றைத் திரும்ப ஓட வைக்க நாட்கள் எடுத்ததால், அதன் பிறகும் சுழற்சி முறையில் கரண்ட் வெட்டினார்கள்.

இதைக் காட்டி "சோலார்காரர்தான் நாட்டை இருட்டாக்கினார்கள்" என்று சிலர் எழுதினார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கூரையில் போடு, போடு என்று 2016-இல் திட்டம் கொண்டுவந்து, அலகுக்கு 22 ரூபாய் தருகிறோம் என்று கூப்பிட்டது அரசாங்கம். சனம் கடன்பட்டுப் போட்டது. பகலில் வருவதை இரவுக்குச் சேமிக்க ஏற்பாடு செய்யாமல் விட்டது யார்?

எங்களுக்குக் கரண்ட் கூடுதலாக வேண்டியது மாலை ஆறரையிலிருந்து பத்தரை வரை. விளக்கு, விசிறி, ரிவி, சமையலறை எல்லாம் ஒன்றாக எழும்புகிற நேரம். சூரியன் அப்போது கடலுக்குள் போய்விடுவான். மத்தியானம் வேண்டாம் என்று கெஞ்சிய அதே நாடு, அதே நாள் இரவில் டீசலும் உலை எண்ணெயும் எரிக்கிறது, அதுவும் டொலர் கொடுத்து வாங்கி. எரிபொருள் எது என்பதிலேயே எல்லோரும் சண்டை பிடிக்கிறார்கள், நிலக்கரியா, காற்றா, எரிவாயுவா என்று. எனக்கென்றால் நேரம்தான் பிரச்சினையாகத் தெரிகிறது. கிடைக்கிற நேரமும் வேண்டிய நேரமும் பொருந்தவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால், நேரத்தைச் சேமித்து வைக்கிற வித்தை இந்த நாட்டுக்குப் புதிதில்லை. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர் மலைநாட்டு ஆறுகளைக் கொண்டு தீவுக்கே மின்சாரம் எடுக்கலாம் என்று 1918-இல் பொறியியலாளர் சங்கத்தில் கட்டுரை படித்தார். ஆங்கிலேய ஆட்சி இழுத்தடித்தது. வேலையைத் தொடங்கி நடுவில் நிறுத்தினார்கள். முதல் லக்சபான நிலையம் 1950-இல்தான் ஓடத் தொடங்கியது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் தேங்குகிற தண்ணீரை இன்று நினைத்துப் பார்: முதலில் விமலசுரேந்திர பெயரிலேயே இருக்கிற நிலையத்தின் சுழலியைச் சுற்றிவிடும், பிறகு பழைய லக்சபான, பிறகு பொல்பிட்டிய, கடைசியில் புரோட்லண்ட்ஸ். ஒரே தண்ணீர் மலையிலிருந்து இறங்கும் வழியில் நான்கு இடத்தில் வேலை செய்துவிட்டுக் களனி கங்கையோடு போகிறது. கதவைத் திறப்பதும் மூடுவதும் மனிதன் கையில். அதுதான் சேமிப்பு.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை நாட்டின் கரண்ட் ஏறக்குறைய முழுவதும் இப்படித் தண்ணீரில்தான் வந்தது. 1996 வரட்சியில்தான் அந்த நம்பிக்கை உடைந்தது. அந்தத் தண்ணீர்க் கரண்டுக்கு ஒரு விலையும் இருந்தது, அதைப் பேசாமல் போக எனக்கு மனமில்லை. மவுசாகலை அணையைக் கட்டியபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. வரட்சியில் நீர்மட்டம் இறங்கினால் பழைய கோயில் இன்றும் வெளியே தெரியும். நாட்டுக்கு வெளிச்சம் தந்த அந்த அணைகளைச் சுற்றியிருந்த தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் வெகுகாலம் மண்ணெண்ணெய் விளக்குத்தான் எரிந்தது.

இன்னொன்று, அணைத் தண்ணீர் மின்சார சபைக்கு மட்டும் சொந்தமில்லை. 2023 ஓகஸ்டில் உடவளவைப் பக்கம் வயல் காய்கிறதென்று விவசாயிகள் போராடினார்கள். சமனலவெவ நீர்த்தேக்கத்தில் தண்ணீரைத் திறந்தால் தெற்கில் கரண்ட் வெட்ட வேண்டி வரும் என்று சபை சொன்னது. கடைசியில் திறந்தார்கள். என்னைக் கேட்டால் அதுதான் சரி. காய்ந்த கதிரைக் கரண்டால் நிமிர்த்த முடியாது.

நிலக்கரியைப் பற்றி அதிகம் எழுதவில்லை. நுரைச்சோலை 900 மெகாவாட், 2011-க்கும் 2014-க்கும் இடையில் வந்தது. அது இல்லாமல் இன்றைக்கு நாடு ஓடாது என்பது உண்மை. ஆனால் தென்மேற்குப் பருவக்காற்றில் கடல் கொந்தளித்தால் அங்கே கப்பலிலிருந்து நிலக்கரி இறக்க முடியாது. கடல் அடங்கியிருக்கிற மாதங்களிலேயே மிச்ச மாதங்களுக்கும் வாங்கிக் குவித்துவிட வேண்டும். டொலர் இல்லாத வருடத்தில் அது என்ன பாடு என்று பார்த்தோம். இன்னொரு நுரைச்சோலை வேண்டும் என்று கேட்கிறவர்கள் அதை மறக்கக்கூடாது.

எண்ணெய் மின்சாரத்தின் கேட்டுக்கு, எங்கள் யாழ்ப்பாணத்துச் சுன்னாகம் மின்நிலையமே போதிய சாட்சி. 1990-இல் லக்சபான கரண்ட் நின்ற பிறகு நாங்கள் எப்படி இருந்தோம் என்று உன் மகளுக்குச் சொல்லியிருக்கிறாயா? ஜாம் போத்தலுக்குள் பஞ்சு, அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், கம்பியில் சுற்றிய நூல் திரி. அதற்கு முன்னால் நாலு பேர் குனிந்து படிப்போம். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி நீ பெடலைக் கையால் சுற்ற, டைனமோவில் ரேடியோ கரகரக்கும். செய்தி முடியும் வரை உன்னை நிறுத்த விடமாட்டார் உன் அப்பா. போர் முடிந்த பிறகு வயர் வந்தது, வெளிச்சம் வந்தது. ஆனால் அதற்குள் சுன்னாகத்தில் எண்ணெய் எரித்தவர்களின் கழிவு மண்ணுக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. எங்கள் மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கல். ஒரு கிணற்றில் விழுவது அடுத்த கிணற்றுக்கும் போகும். உயர் நீதிமன்றம் 2019-இல் தீர்ப்புச் சொல்லி, சம்பந்தப்பட்ட தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் நட்டஈடு கட்ட வேண்டும் என்றது. கிணற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த சனத்துக்கு அந்தக் காசு எந்த மூலைக்கு?

காற்றில் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. மன்னாரில் 103.5 மெகாவாட், 30 காற்றாலைகள். பளைப் பக்கமும் ஏ9 வீதியால் போகும்போது சுற்றுவது தெரியும். காற்றுக்கு இரவு பகல் இல்லை என்பது பெரிய வசதி. ஆனால் மன்னார்ச் சனம் 2025-இல் வீதிக்கு இறங்கியது. சதுப்பும் கடலும் சூழ்ந்த சின்னத் தீவு, மத்திய ஆசியாவிலிருந்து பறவைகள் வந்து இறங்குகிற இடம், மழைவெள்ளம் வடியாமல் நிற்கிறது என்கிறார்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மஸ்கெலியாவில் கேட்காமல் செய்ததை மன்னாரிலாவது கேட்டுச் செய்யட்டும்.

ஆக, என் எண்ணம் இதுதான். பகலில் வெயில் தருவதை வாங்கிக்கொண்டு, அந்த நேரம் மலையில் தண்ணீரை மறித்து வைத்து, மாலையில் திறக்க வேண்டும். ஓரளவு இப்போதே செய்கிறார்கள். போதாததற்குப் பற்றரி வேண்டும். அரநாயக்கப் பக்கம் மகா ஓயாவில் 600 மெகாவாட்டுக்கு ஒரு திட்டம் பேச்சில் இருக்கிறது. மிஞ்சுகிற மின்சாரத்தால் தண்ணீரை மேலே இருக்கிற குளத்துக்கு ஏற்றி, இரவில் இறக்கிக் கரண்ட் எடுப்பது. காசு கூடத்தான். ஆனால் இரவு இரவாக எரிக்கிற எண்ணெய்க்கும் காசுதானே போகிறது.

இனி உன் கூரை. தெற்குப் பக்கச் சரிவில் போடச் சொல்லு. மேற்கே நிற்கிற இரண்டு பனையின் நிழல் பின்னேரத்தில் விழும், அதை மறக்காதே. ஒரு தகட்டின் மூலையில் நிழல் விழுந்தாலும் அந்த வரிசை முழுவதும் சோர்ந்துவிடும். கடல் கிட்ட என்பதால் சட்டம் அலுமினியமாக இருக்கட்டும், ஆணி கறள் பிடிக்காததாக இருக்கட்டும். பெரிதாகப் போட்டு விற்றுக் காசு பார்க்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே. வீட்டுப் பாவனைக்கு ஏற்ற அளவு, அதோடு இரவு தாங்குகிற பற்றரி. உச்ச நேரத்தில் பற்றரியிலிருந்து வருகிற அலகுக்குக் கூடிய விலை தருவதாகவும் அறிவித்திருக்கிறார்கள். முதலில் தங்கச்சியிடம் கடந்த 12 மாதப் பில்லையும் வாங்கி அனுப்பு. ஆளைப் பிடித்து விலை கேட்பது என் பொறுப்பு.

அப்புறம், நீ மார்கழியில் வருவதாக எழுதியிருக்கிறாய். முடிந்தால் ஆடியில் வா. அப்போதுதான் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று பலமாக அடித்து மன்னார்க் காற்றாலைகள் முழு வீச்சில் சுற்றும். ஒரு நாள் போய் அங்கத்தைய ஆட்களோடும் இருந்து கதைத்துவிட்டு வரலாம். டிக்கெட் போடுமுன் ஒரு வார்த்தை சொல்லு, வாகனத்துக்கு நான் ஒழுங்கு செய்கிறேன்.

அக்காவை விசாரித்ததாகச் சொல்லு.

என்றும் அன்புடன்,
உன் மச்சான்