வெள்ளத்தில் தப்பிய 61 நோட்டுகளுக்கு உங்கள் உதவி வேண்டும்

அன்புடையீர், வணக்கம்.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் ஒவ்வொரு ஜனவரியிலும் நீர்ப்பறவை எண்ணப் போகிறவர்களில் நாங்களும் ஒரு சிறு குழு. பள்ளி ஆசிரியர்கள், ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர், இரண்டு விவசாயிகள், சில கல்லூரி மாணவர்கள் என்று மொத்தம் பதினேழு பேர். எங்கள் மூத்தவர் ஒருவரின் பறவைக் குறிப்பு நோட்டுகளில் வெள்ளத்துக்குத் தப்பியவற்றைக் கணினியில் ஏற்றப் பண உதவி கேட்டு இதை எழுதுகிறோம்.

எண்ணி முடித்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை யாராவது ஒருவர் வீட்டு மாடியில் கூட்டம் போடுவோம். டீ, வடை, காரசாரமான பேச்சு எல்லாம் உண்டு. "எல்லாருடைய பழைய குறிப்புகளையும் ஒரே இடத்தில் சேர்க்க வேண்டும்" என்று 2017 கூட்டத்தில் தீர்மானம் போட்டோம். 2018ஆம் ஆண்டுப் பக்கத்தைப் புரட்டினால் அதே வாசகம். 2019இல் அதோடு "விரைவில்" என்ற சொல் சேர்ந்திருக்கிறது. 2020இல் "உடனடியாக" என்று மாறியிருக்கிறது! சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நாங்களும் சிரித்துவிட்டுத்தான் இதை எழுதுகிறோம்.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை எல்லாருக்கும் ஆர்வம் இருக்கும். மறுநாள் திங்கட்கிழமை ஆகிவிடும், அவ்வளவுதான். இடையில் ஒருமுறை இணையதளம்கூடத் தொடங்கினோம். இரண்டாம் ஆண்டு புதுப்பிக்கும் கட்டணத்தை அவர் கட்டியிருப்பார் என்று இவரும், இவர் கட்டியிருப்பார் என்று அவரும் இருந்துவிட்டோம். ஏற்றி வைத்திருந்த இரண்டு வருடப் பட்டியல்களும் தளத்தோடு போயின.

அப்புறம் 2023 டிசம்பர் வந்தது. 17, 18 தேதிகளில் பெய்த மழையை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எங்கள் குழுவின் மூத்தவர், 78 வயது ஆசிரியர், ஆற்றங்கரைத் தெருவில் குடியிருக்கிறார். 1988இலிருந்து குளம் குளமாகச் சைக்கிளில் போய் அவர் எழுதிய 84 நோட்டுகள் கட்டிலுக்கடியில் ஒரு டிரங்குப் பெட்டியில் இருந்தன. தண்ணீர் வடிந்த பிறகு பெட்டியைத் திறந்தோம். பேனா மையில் எழுதியவை நீலக் கறையாகிவிட்டன. பால்பாயின்ட் பேனாவில் எழுதியவை பரவாயில்லை. பென்சிலில் எழுதியவற்றில் ஓர் எழுத்துகூட அழியவில்லை. தாளுக்குத் தாள் செய்தித்தாள் வைத்து, மின்விசிறிக்குக் கீழே இரண்டு வாரம் காயவைத்ததில் 61 நோட்டுகள் தேறின. சார் எதுவும் சொல்லவில்லை. "93ஆம் வருஷ நோட்டு இருக்கா?" என்று மட்டும் கேட்டார். இருந்தது.

ஒரு வாத்தியாரின் பழைய நோட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறோம். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, முப்பதாயிரம் பேர் எழுதிய மூன்று கோடிப் பதிவுகளை வைத்து 942 வகைப் பறவைகளை ஆராய்ந்தது. அவற்றில் நீண்டகாலப் போக்கைச் சொல்ல முடிந்தது 338 வகைகளுக்குத்தான். அந்த 338இல் 204 குறைந்திருக்கின்றன. நாம் அன்றாடம் மின்கம்பியில் பார்க்கும் பனங்காடையும், மார்கழிக் குளத்தில் இறங்கும் ஊசிவால் வாத்தும் கவலைக்குரிய பட்டியலில் வந்துவிட்டன. மற்ற வகைகளைப் பற்றி ஏன் சொல்ல முடியவில்லை? 2000க்கு முன்பு எழுதி வைத்தவர்கள் குறைவு. எழுதியவர்களின் நோட்டுகளும் பெரும்பாலும் பரணில்தான் கிடக்கின்றன. சாரிடம் 1988 முதல் 2000 வரை மட்டும் 22 நோட்டுகள் தப்பியிருக்கின்றன.

கூட்டத்தில் பேசியது காரியமான கதைகளும் உலகத்தில் உண்டு. 1971இல் அமெரிக்காவின் கோல்ட் ஸ்பிரிங் ஹார்பரில் உடலிலுள்ள புரத மூலக்கூறுகளின் வடிவங்களை ஆராய்கிறவர்கள் கூடி, எல்லாருடைய அளவீடுகளையும் ஒரே இடத்தில் வைத்தால் என்ன என்று பேசினார்கள். நாம் மாடியில் பேசியதேதான். அதே ஆண்டு புரூக்ஹேவன் ஆய்வகத்தில் புரதத் தரவு வங்கி தொடங்கியது. முதலில் அதில் இருந்தவை ஏழே ஏழு வடிவங்கள். இன்று இரண்டு லட்சத்துக்கும் மேல். அங்கே வந்து சேரும் வடிவம் சரிதானா என்று பார்க்கும் சோதனைகளில் ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் உடனிருந்தவர்களும் 1963இல் தந்த வரைபடம். கூட்டம் கலைந்த பிறகு வேலையைக் கையில் எடுக்க அங்கே ஓர் இடமும் ஆட்களும் இருந்தார்கள், எங்களுக்கு இல்லை.

பணம் நின்றால் என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை இருக்கிறது. ஹவாயின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958 மார்ச்சில் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். பல நாட்டு விஞ்ஞானிகள் கூடி முடிவெடுத்து நடத்திய புவி இயற்பியல் ஆண்டின் ஒரு கிளை வேலை அது. 1964இல் நிதி வெட்டு வந்தது. அந்த ஆண்டு பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களுக்கு அந்தப் பட்டியலில் இன்றும் எண் கிடையாது. யாராலும் திரும்பிப் போய் அளக்க முடியாது.

சரி, எங்கள் வேலை என்ன? நோட்டைப் படமெடுப்பது சுலபம். அதில் உள்ளதைப் புரிந்துகொள்வதுதான் பாடு. "பெரிய குளம்" என்று சார் எழுதியிருப்பார். இந்த வட்டாரத்தில் பெரிய குளம் எத்தனை என்று உங்களுக்கே தெரியும். "ந.கு. 40" என்றால் நத்தைகுத்தி நாரை நாற்பது. வெறும் "கொக்கு" என்றால் உண்ணிக்கொக்கா, சின்னக் கொக்கா? "வாத்து நிறைய" என்று ஒரு வரி வரும். அந்த "நிறைய"வை 200 என்று நாமாக மாற்றக் கூடாது. எண் இல்லாத பதிவாகவே வைக்க வேண்டும். எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை எண்ணினார் என்பது சில பக்கங்களில்தான் இருக்கிறது.

இதையெல்லாம் கேட்டுச் சொல்ல சார் இருக்கிறார். சனிக்கிழமைதோறும் காலையில் இரண்டு மணி நேரம் உட்காரச் சம்மதித்திருக்கிறார். எங்கள் அவசரத்துக்கு உண்மையான காரணம் இதுதான்.

இந்தத் தடவை சம்பளம் கொடுத்து ஆள் வைப்பது என்று முடிவு செய்திருக்கிறோம். தன்னார்வத்தால் பறவை எண்ணலாம்; ஏழாயிரம் பக்கங்களைத் தட்டச்சு செய்ய முடியாது என்பதை ஏழெட்டு வருடத் தீர்மானங்களே சொல்லிவிட்டன. உள்ளூர்ப் பட்டதாரிகள் இருவருக்குப் பகுதிநேர வேலை, மாதம் ஆளுக்கு 8,000 ரூபாய், பத்து மாதத்துக்கு 1,60,000. நோட்டை அமுக்காமல் மேலிருந்து படமெடுக்கும் ஸ்கேனர் ஒன்று 22,000. ஹார்டு டிஸ்க் இரண்டு, தனித்தனி ஊரில் வைக்க, 11,000. ஒவ்வொரு குளத்துக்கும் நேரில் போய் இடத்தைக் குறித்து எண் கொடுத்து வர 12,000. ஆக மொத்தம் 2,05,000. எங்களுக்குள் 47,000 சேர்த்துவிட்டோம். மீதி 1,58,000 ரூபாய்க்குத்தான் உங்களிடம் வருகிறோம். மொத்தச் செலவைப் பக்கக் கணக்கில் பார்த்தால் ஒரு பக்கத்துக்கு ஏறத்தாழ 30 ரூபாய் ஆகிறது. 300 ரூபாய் கொடுத்தால் பத்துப் பக்கம் கரையேறும். டீ வடைச் செலவு எப்போதும்போல எங்களுடையது.

சொந்த இணையதளம் என்ற ஆசையை விட்டுவிட்டோம். பறவைப் பதிவுகள் சாரின் பெயரிலேயே, உலகெங்குமுள்ள பறவைப் பதிவுகளைச் சேர்க்கும் இ-பேர்ட் (eBird) தளத்தில் ஏறும். அங்கே பழங்காலப் பட்டியல்களுக்கும் இடம் உண்டு. நோட்டுப் படங்கள் இணைய ஆவணக் காப்பகத்தில் (Internet Archive) இலவசமாகக் கிடைக்கும். நாங்கள் சண்டை போட்டுக் கலைந்துபோனாலும் அவை இருக்கும்.

நாங்கள் பதிவுபெற்ற சங்கம் இல்லை, ஆகவே வருமான வரிச் சலுகைச் சான்று தர முடியாது. பணம் இரண்டு உறுப்பினர்களின் கூட்டுக் கணக்கில் இருக்கும். இருவரும் கையெழுத்திட்டால்தான் எடுக்க முடியும். வரவு செலவை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எழுதி, கொடுத்தவர் எல்லாருக்கும் அனுப்புவோம். மே மாதக் கடைசிக்குள் பாதிதான் சேர்ந்தது என்றால் 2000 வரையிலான 22 நோட்டுகளை மட்டும் முடிப்போம். மிஞ்சினால் அடுத்தவர் நோட்டுக்குப் போவோம்.

ரசீதுப் புத்தகத்தோடு எங்கள் ஆட்கள் வருவார்கள். கணக்கு எண் ரசீதின் பின்பக்கம் இருக்கிறது. ரசீது இல்லாமல் யாரிடமும் பணம் கொடுக்க வேண்டாம். பணம் தர முடியாதவர்கள் வீட்டுப் பரணை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தாத்தா எழுதிய மழைக் கணக்கு, குளம் பெருகிய தேதி, மறுகால் பாய்ந்த நாள் என்று எது கிடைத்தாலும் பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். நாங்களே வந்து படமெடுத்துக்கொண்டு நோட்டைத் திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
குளத்துப் பறவைக் குறிப்புகளைச் சேர்க்கும் குழுவினர்