மூடியும் அட்டையும் போதும்

அன்புள்ள மகளுக்கு,

பேத்திக்கு மூன்றரை வயது ஆகிறது, கற்றல் பொருள்களின் விலை கட்டுப்படியாகவில்லை என்று எழுதியிருந்தாய். அவற்றை வாங்கவே வேண்டாம். நீ தூக்கிப்போடும் அட்டைப்பெட்டியும் மூடிகளும் இந்த வயதுக்குத் தாராளம்.

ஓர் அட்டையில் ஐந்து கட்டங்கள் போட்டு, 1 முதல் 5 வரை எழுது. ஒவ்வோர் எண்ணுக்குக் கீழும் அத்தனை வட்டங்களை, மூடியின் அளவுக்கே வரை. பிறகு சரியாகப் பதினைந்து மூடிகளை அவளிடம் கொடு. வட்டத்துக்கு ஒன்றாக வைத்துக்கொண்டே வருவாள். கடைசியில் ஒரு மூடி மிஞ்சினால், எங்கோ ஒரு வட்டம் காலியாக இருக்கிறது என்று அவளே தேடத் தொடங்குவாள். அப்போது நீ வாய் திறக்காதே. 1907இல் ரோம் நகரில் ஏழைக் குழந்தைகளுக்காகப் பள்ளி தொடங்கிய மரியா மாண்டிசோரி வடிவமைத்த கருவிகள் பலவற்றின் சூட்சுமம் இதுதான்: பிழையைப் பொருளே காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. டிஷ்யூ சுருளின் அட்டைக்குழாய்க்குள் நுழையக்கூடிய எதுவும் தொண்டையில் சிக்கலாம். பாட்டில் மூடி அதற்குள் போய்விடும். அவள் இன்னும் பொருள்களை வாயில் வைக்கிறாள் என்றால், பெரிய டப்பா மூடிகளையே எடுத்துக்கொள்.

இருபது வரை ஒப்பிக்கிறாள் என்று படித்து மகிழ்ந்தேன். "மூன்று மூடி கொடு" என்று கேட்டுப் பார். கைநிறைய அள்ளிக் கொடுத்தாலும் கவலைப்படாதே. எண்களை வரிசையாகச் சொல்ல வந்த பிறகும், எண்ணிக்கை பிடிபடப் பல குழந்தைகளுக்கு நான்கு வயதாகிவிடுகிறது. நான்கு மூடிகளை நெருக்கியும், அதன் கீழே இன்னும் நான்கைத் தள்ளித் தள்ளியும் வை. நீளமான வரிசையில்தான் அதிகம் என்பாள். திருத்த வேண்டாம், வளர வளரத் தானே தெளியும்.

எழுத்துக்கு, உப்புத்தாளை எழுத்து வடிவில் வெட்டி அட்டையில் ஒட்டு. எழுதும் திசையிலேயே விரலால் தடவச் சொல். அகரத்தில் தொடங்காதே, அதன் சுழி சின்ன விரலுக்குச் சிரமம். நேர்கோடுகளால் ஆன ட, ப முதலில் வரட்டும். பென்சிலுக்கு இப்போது அவசரமே இல்லை. துணிக்குப் போடும் கிளிப்புகளை அட்டை ஓரத்தில் மாட்டிக் கழற்றினாலே, பென்சில் பிடிக்க வேண்டிய விரல்கள் வலுப்பெறும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்து குவிக்காதே. இரண்டை மட்டும் அவளுக்கு எட்டும் உயரத்தில் வை, சலித்ததும் மாற்று. முதலில் மூடி அட்டையைச் செய்து கொடுத்துவிட்டு, அவள் எப்படி வைத்தாள் என்று விவரமாக எழுது.

அன்புடன்,
அம்மா