சமையலறை விளக்குகள் குறித்து மகளுக்கு

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய காணொளியைப் பார்த்தேன். மேல் அலமாரிகளின் அடியில் வரிசையாக இணைத்திருக்கும் ஐந்து எல்.இ.டி. விளக்குகளில் முதல் இரண்டும் நிலையாக எரிகின்றன. அடுத்த மூன்றும் ஒன்றாகவே துடித்து அணைவதும், நீ அலமாரிக் கதவை அழுத்திச் சாத்தியதும் ஒன்றாகவே திரும்ப எரிவதும் அதில் தெளிவாகத் தெரிகிறது. வரிசை முழுவதையும் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்ட வேண்டும் என்று உன் கிச்சன் வேலை செய்தவர் சொல்வதை நான் ஏற்கவில்லை. மூன்று விளக்குகள் ஒரே நொடியில் கெட்டு, ஒரே நொடியில் குணமாவதில்லை.

ஒன்றன் பின் ஒன்றாகச் செருகியிருப்பதால், கோயில் திருவிழாவில் கட்டும் சீரியல் செட்டைப் போல, ஒன்று போனால் எல்லாம் போய்விடும் என்று நினைக்கத் தோன்றும். இங்கே அப்படியில்லை. ஒவ்வொரு விளக்கின் உள்ளேயும் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு இரண்டு தடங்கள் செல்கின்றன. விளக்கு தனக்கு வேண்டியதை அவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள, அடுத்த விளக்குக்கும் அதே தடங்கள் வழியாகவே மின்சாரம் போகிறது. ஆகவே ஒரு விளக்கின் எல்.இ.டி.கள் கெட்டாலும் அதற்கு அடுத்தவை எரியும். இணைப்பு விட்டுப்போனால் மட்டுமே அதற்கு அப்பால் இருப்பவை எல்லாம் சேர்ந்து அணையும். உன் வீட்டில் கோளாறு இரண்டாம் விளக்குக்கும் மூன்றாம் விளக்குக்கும் நடுவில் தொடங்குகிறது. அது அலமாரி மூலையில் திரும்புகிற இடம், இணைப்பு ஒயரை மடக்கிச் செருகியிருக்கிறார்கள், போதாததற்குத் தாளிக்கும் புகை நேராகப் போய்ப் படிவதும் அங்கேதான்.

முதலில் மெயின் பெட்டியில் அந்த வரிசைக்கு உரிய எம்.சி.பி. சுவிட்சை இறக்கிவிடு, சுவரில் உள்ள சுவிட்சை மட்டும் நம்ப வேண்டாம், அதில் மின்சாரம் வரும் ஃபேஸ் ஒயருக்குப் பதில் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயரை வெட்டியிருக்கவும் கூடும்; அப்படியானால் சுவிட்சை அணைத்தாலும் ஒயரில் மின்சாரம் இருக்கும். பிறகு மூலையில் உள்ள ஒயரை இரண்டு முனையிலும் உருவி, கைபேசி வெளிச்சத்தில் பின்களைப் பார். பிசுக்கு, பச்சைக் களிம்பு, பழுப்பேறி இளகிய பிளாஸ்டிக் ஆகிய மூன்றில் ஒன்று பெரும்பாலும் கண்ணில் படும். பிசுக்கு என்றால் கான்டாக்ட் கிளீனர் அடித்து நன்றாக உலரவிட்டாலே போதும். பிளாஸ்டிக் இளகியிருந்தால் அந்த ஒயரைத் தூக்கிப் போட்டுவிடு. தளர்ந்த இணைப்பு சூடாகி, அந்தச் சூட்டில் மேலும் தளரும்.

கண்ணுக்கு ஒன்றும் தெரியாவிட்டால், மூலை ஒயரையும் நான்காம், ஐந்தாம் விளக்குகளுக்கு இடையில் உள்ள ஒயரையும் இடம் மாற்றிச் செருகு. இப்போது ஐந்தாவது மட்டும் துடித்தால் பழுது ஒயரில். முன்போலவே மூன்றாவதிலிருந்து துடித்தால், இரண்டாம் விளக்கின் வெளிமுனையிலோ மூன்றாம் விளக்கின் உள்முனையிலோ இருக்கிறது. காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் யாரிடமும் புதிய விளக்கு வாங்காதே.

வீட்டில் இருக்கும் ஸ்க்ரூடிரைவர் டெஸ்டரை வைத்து இந்த இணைப்புகளைப் பார்க்காதே. விளக்குகளுக்காக வீட்டு மின்சாரத்தைக் குறைத்துக் கொடுக்கும் பெட்டியான ட்ரைவரிலிருந்து வெளிவருவது 12 வோல்ட் டி.சி., அதாவது பேட்டரியில் வருவது போன்ற நேர் மின்சாரம்; அதற்கு டெஸ்டர் எரியாது, எரியாததால் மின்சாரம் வரவில்லை என்றும் ஆகாது. மல்டிமீட்டரை டி.சி. 20 வோல்ட்டில் வைத்து, விளக்குகள் எரியும்போதே அளக்க வேண்டும். ட்ரைவர் முனையில் 12 இருந்து கடைசி முனையில் 10 காட்டினால், இடையில் உள்ள இணைப்புகளோ மெல்லிய ஒயரோ மீதியைத் தின்கின்றன. ஆனால் ட்ரைவர் பெட்டி என்று தனியாக எதுவும் இல்லாமல், விளக்குகள் நேராக 230 வோல்ட்டில் ஓடும் வகையாக இருந்தால், அளக்கும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விட்டுவிடு. ஈரமான கிரானைட் மேடைக்கு முன்னால் நின்று அதைச் செய்ய உனக்கு நான் சொல்ல மாட்டேன்.

மசாலா அலமாரிக்கு அடியில் இன்னும் இரண்டு விளக்குகள் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தாய். ட்ரைவரின் மேல் 12 வோல்ட், 3 ஆம்பியர் என்று போட்டிருந்தால் அது 36 வாட் தாங்கும். விளக்கு ஒன்றுக்கு 7 வாட் என்றால் ஐந்துக்கே 35 ஆகிவிடுகிறது. கொஞ்சமாவது இடம் விட்டு ஓட்டுவதுதான் முறை, இங்கே அதற்கும் வழியில்லை. ஏழும் சேர்ந்தால் 49. சுமை மீறினால் முதல் விளக்கிலிருந்து கடைசி விளக்கு வரை எல்லாமே சீராக விட்டு விட்டு எரியும். இப்போது உள்ள துடிப்பு அந்த வகையல்ல. சேர்ப்பதானால் 5 ஆம்பியர் ட்ரைவராக மாற்றி, அதைச் சிம்னிக்குப் பக்கத்தில் அடைத்து வைக்காமல் காற்றுப் படும் இடத்தில் வைக்கச் சொல். புதிய இரண்டையும் பழைய வரிசையின் வாலில் செருகாமல், ட்ரைவரிலிருந்தே தனி ஒயர் இழுத்துக் கொடுக்கச் சொல்.

ட்ரைவர் மேல் அச்சிட்டிருப்பதைப் படம் எடுத்து அனுப்பு. ஒயரை மாற்றிச் செருகிய பிறகு எந்த விளக்கு துடித்தது என்பதையும் எழுது. மூலையில் போடும் ஒயரின் நீளத்தை அதன்பின் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா