அம்மா ஏறுவதற்கு முன்

பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. வாட்ஸ்அப்பில் போட்டால் அம்மா எட்டிப் பார்த்துவிடுவாள், அதனால் மின்னஞ்சல். இங்கே எல்லாரும் நலம். பாலிகிளினிக்கில் அம்மாவின் ரத்த அழுத்தம் பரவாயில்லை என்றார்கள். சின்ன மாமா வீட்டு விஷயம் அப்படியே இருக்கிறது, அதை நேரில் பேசலாம்.

நீயே கட்டிய சின்ன விமானத்தில் அம்மாவைக் கூட்டிப்போகும் உன் பயணத் திட்டம் கிடைத்தது. ஆஸ்டின், ஃபோர்ட் ஸ்டாக்டன், எல் பாசோ, டெமிங், டூசான், யூமா, சான் டியாகோ. 10-ஆம் எண் நெடுஞ்சாலையை விடாமல் போய், டூசானைத் தாண்டி 8-ஐப் பிடிப்பது சரியான யோசனை. ஜிபிஎஸ் நேர்கோடு போட்டுக் காட்டும், அதைக் கேட்காதே. எல் பாசோவுக்கு வடக்கே வெள்ளை மணல் ஏவுகணைத் தளம், கீலா பெண்டுக்குத் தெற்கே கோல்ட்வாட்டர் குண்டுவீச்சுத் திடல். சாலையோடு போனால் இரண்டும் ஒதுங்கிவிடும், இஞ்சின் நின்றாலும் கீழே மனிதர்கள் இருப்பார்கள். குவாடலூப் மலை 8,751 அடி. மேற்குக் காற்று பலமாக இருந்தால் அதன் கிழக்குச் சரிவில் காற்று கீழ்நோக்கி அழுத்தும். அழகாக இருக்கிறது, அம்மாவுக்குக் காட்டலாம் என்று பக்கத்தில் போகாதே.

எடைக் கணக்கில் அம்மாவுக்கு 58 கிலோ என்று போட்டிருக்கிறாய். அவள் சொன்னதை அப்படியே நம்பியிருக்கிறாய். போன மாதம் பார்த்தது 64. காலணி, கைப்பை சேர்த்து 68 என்று போடு. உன் ஆர்வி-9ஏ விமானத்துக்கு உச்ச எடை 1,750 பவுண்டு, அதற்குள் அடங்குகிறது. ஆனால் நீ கிளம்பும்போது உள்ள எடை மையத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறாய். உன் விமானத்தில் பெட்ரோல் இறக்கையின் முன்விளிம்பில் இருக்கிறது. அது தீரத் தீர மையம் பின்னால் நகரும். அம்மாவின் பெட்டி பின்னால் இருக்கும்போது, இறங்கும் நேரத்தில் மிச்சமிருக்கும் பெட்ரோலை வைத்து இன்னொரு முறை போட்டுப் பார். அவள் இங்கிருந்து கொண்டுவரும் அரிசி மாவு, மிளகாய்த்தூள், நல்லெண்ணெய் எல்லாம் உன் வீட்டோடு நிற்கட்டும். ஊறுகாய் பாட்டிலை மேலே கொண்டுபோகவே வேண்டாம், 8,500 அடியில் மூடி கசியும்.

பெட்ரோல். உன்னிடம் 36 கேலன், மணிக்கு 8 கேலன் செலவு, நாலரை மணி நேரம். பகலில் 30 நிமிடம் மிச்சம் இருந்தால் போதும் என்கிறது சட்டம். நீ ஒரு மணி நேரம் வை. அம்மா நீர் மாத்திரை சாப்பிடுகிறவள், எப்படியும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கியாக வேண்டும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் குச்சி விட்டு அளந்து பார். கேஜை நம்பாதே.

எந்த டேங்கிலிருந்து பெட்ரோல் வர வேண்டும் என்று திருப்பும் உன் செலக்டரில் இடது, வலது, மூடு, அவ்வளவுதான். அரை மணிக்கு ஒருமுறை மாற்று, மாற்றியதை எழுதி வை. மாற்றும் நேரத்தில் பூஸ்ட் பம்ப், அதாவது மின்சாரத் துணை பம்ப், ஓடட்டும், கீழே ஒரு ஓடுபாதை எட்டும் தூரத்தில் இருக்கட்டும். பாடகர் ஜான் டென்வர் 1997 அக்டோபரில் மான்டெரி விரிகுடாவில் விழுந்து இறந்தது வீட்டில் கட்டிய லாங்-ஈஸீ விமானத்தில்தான். அதைக் கட்டியவர் செலக்டரை வரைபடத்தில் உள்ள இடத்தில் வைக்காமல், விமானியின் இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். வாங்கி ஓட்டியவர் திரும்பித்தான் அதைத் தொட முடியும். எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியும் இல்லை, பெட்ரோலும் குறைவு. இஞ்சினில் எந்தக் கோளாறும் இல்லை. உன்னுடையது இரண்டு இருக்கைக்கும் நடுவே, கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறது, எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன்.

நீ அனுப்பிய இறக்கைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிவெட் வரிசையில் ஒரு தலைகூடச் சாய்ந்திருக்கவில்லை. பெரிய விமானத்தில் வேலை பார்த்தவர்களே இவ்வளவு சுத்தமாக அடிப்பது அபூர்வம். கோப்பிக்கடையில் என்னோடு உட்காருகிற பழைய ஆட்கள் எல்லாருக்கும் காட்டியாகிவிட்டது. சிங்கப்பூரில் சின்ன விமானம் எடுத்தால் ஏறி முடிப்பதற்குள் ஊர் தீர்ந்துவிடும். உனக்கு அங்கே இடம் கிடைத்தது நல்லதுதான்.

எடைக் கணக்குக்காக நீ குறிப்பேட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்பினாயே, அதன் அடியில் ஒரு வரி இருந்தது. வெயில் நாள், ஏறி முடித்து பூஸ்ட் பம்பை நிறுத்தியதும் இஞ்சின் இருமியது, மறுபடி போட்டதும் சரியானது என்று. அதற்கு அப்புறம் ஒன்றும் எழுதவில்லை. போனிலும் நீ சொல்லவில்லை. அம்மா அந்தப் படத்தைப் பார்த்தாள், அந்த வரியைப் படிக்கவில்லை.

பூஸ்ட் போட்டதும் சரியாகிறது என்றால் என் முதல் சந்தேகம் டேங்கின் மேல் இல்லை. பூஸ்ட் பம்புக்கும் இஞ்சின் பம்புக்கும் நடுவில் உள்ள குழாய், அல்லது இஞ்சின் பம்பே. மூன்று காரணம் இருக்கலாம். சூட்டில் பெட்ரோல் கொதித்து ஆவி அடைத்திருக்கும், நீங்கள் சொல்லும் வேப்பர் லாக். அல்லது இஞ்சின் பம்புக்குள் இருக்கும் சவ்வு, டயாஃபிரம், தளர்ந்திருக்கும். அல்லது ஒரு இணைப்பில் மயிரிழை விரிசல்: பூஸ்ட் நின்றதும் அந்தக் குழாயில் உறிஞ்சல்தான் இருக்கும், பெட்ரோலுக்குப் பதில் காற்று உள்ளே வரும். பூஸ்ட் ஓடும்போது அதே விரிசல் வழியே பெட்ரோல் வெளியே கசியும். கண்டுபிடிப்பது சுலபம். இஞ்சினை நிறுத்தி, இணைப்புகளை உலரத் துடைத்துவிட்டு, பூஸ்டை மட்டும் ஐந்து நிமிடம் ஓட விடு. வெள்ளைத் துணியால் ஒவ்வொன்றையும் ஒற்றி எடு. 100எல்எல் நீலச் சாயம் போட்ட பெட்ரோல், கசிந்தால் துணி காட்டிக்கொடுக்கும். குழாய் முனையை விரித்த ஃபிளேர் 37 பாகைக் கருவியில் செய்ததுதானா என்று பார். கார் சாமான் கடையில் கிடைக்கும் கருவி 45 பாகை. அளவுக்கு மேல் முறுக்கினாலும் ஃபிளேரில் விரிசல் விழும்.

பிறகு ஓட்ட அளவு. உன் ஓ-320 இஞ்சின் முழு வேகத்தில் மணிக்குச் சுமார் 13 கேலன் குடிக்கும். பம்ப் வைத்த அமைப்பு அதில் 125 சதவீதம் தர வேண்டும், அதாவது நிமிடத்துக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல். மூக்கைத் தூக்கி, ஏறும் கோணத்தில் வைத்து, டேங்கில் குறைந்த பெட்ரோலோடு, டப்பாவில் பிடித்துப் பார்க்க வேண்டும். கட்டும்போது பார்த்திருப்பாய். திரும்பவும் பார். டேங்குக்குள் காற்று போகும் வென்ட் குழாயின் வாயையும் பார், குளவி மண் வைத்திருக்கும். பெட்ரோல் அழுத்தம் அரை பிஎஸ்ஐ-க்குக் கீழே எப்போதாவது போனதா? உன் கருவியில் பதிவு இருக்குமே.

சூடுதான் காரணம் என்றால், கவுலிங்குக்குள், அதாவது இஞ்சின் மூடிக்குள், உள்ள பெட்ரோல் குழாய்க்குச் சூடு தாங்கும் ஃபயர்ஸ்லீவ் உறை போடு, பம்புக்குக் குளிர்காற்றுக் குழாய் ஒன்று இழு. எல் பாசோவில் அதிக எச்சரிக்கை வேண்டும். இஞ்சினை நிறுத்திய அரை மணி நேரத்தில்தான் கவுலிங்குக்குள் சூடு உச்சத்துக்கு ஏறும். நீங்கள் கழிவறைக்குப் போய், பெட்ரோல் போட்டுத் திரும்பி வருகிற அதே நேரம். மூக்கைக் காற்றுப் பக்கம் திருப்பி நிறுத்து, கவுலிங்கில் உள்ள எண்ணெய்க் கதவைத் திறந்து வை. அந்த ஊர் விமான நிலையம் 3,962 அடியில் இருக்கிறது; 35 டிகிரி வெயிலில் விமானத்துக்கு அது 7,300 அடி மாதிரி. ஏற்றம் மெதுவாக இருக்கும். ஆயிரம் அடி ஏறும்வரை பூஸ்டில் கை வைக்காதே. நிறுத்துவதானால் ஓடுபாதைக்கு மேல் சுற்றி வந்து நிறுத்து. இன்னும் நல்லது, காலையிலேயே அங்கிருந்து கிளம்பிவிடு.

முதல் 40 மணி நேரம் பயணிகள் யாரையும் ஏற்றக் கூடாது என்ற விதியைத் தனியாகப் பறந்து முடித்தாய். பழுது பார்ப்பவர் சான்றிதழும் உன் கையில். வருடாந்தரச் சோதனைக்கு உன் ஒரு கையெழுத்து போதும் என்பது சட்டம். ஆனால் பெரிய விமானத்தில் கட்டுப்பாட்டுக் கம்பியைக் கழற்றிப் போட்டால், போட்டவர் தவிர இன்னொருவரும் பார்த்துக் கையெழுத்திடாமல் விடமாட்டோம். போட்டவர் கெட்டிக்காரர் இல்லை என்பதற்காக அல்ல. தான் முறுக்கிய நட்டைத் தானே பார்த்தால் கண் சரியென்றே சொல்லும். வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் சேரும் உங்கள் ஈஏஏ சங்கத்தில் டெக்னிக்கல் கவுன்சிலர்கள் இருக்கிறார்கள், காசு வாங்காமல் வந்து பார்ப்பார்கள். அம்மா ஏறுவதற்கு முன் ஒருவரைக் கூப்பிட்டு அந்தக் குழாயைக் காட்டு. இதைத்தான் கேட்கிறேன். கோபித்துக்கொண்டாலும் சரி.

அம்மா விஷயம். சேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், பருத்தி பஞ்சாபி சூட் எடுத்து வைத்திருக்கிறாள். முந்தானை கட்டுப்பாட்டுத் தடியில் சுற்றினால் யாரும் எடுக்க முடியாது. அவள் பக்கத்துத் தடியைக் கழற்றி வைத்துவிடு. கைப்பையை மடியில் வைத்துக்கொள்ளும் பழக்கம் போகாது. இறக்கையில் ஏறும்போது முட்டி வலிக்கும், நீ பின்னால் நில். கனோப்பி, அந்தக் கண்ணாடி மூடி, அதன் விளிம்பைப் பிடிக்க விடாதே. பெல்ட்டை அவளே மூன்று முறை கழற்றிப் பார்க்கட்டும். கனோப்பி தாழ்ப்பாளும் அப்படியே. பயப்படுவாள் என்று அதை விட்டுவிடாதே, சொல்லாமல் விட்டால்தான் பயப்படுவாள். ஸ்வெட்டர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். ஹீட்டர் போட்டால் கார்பன் மோனாக்சைடு கருவியைப் பார். விரல் ஆக்சிமீட்டர் ஒன்று அவள் பெட்டியில் போட்டிருக்கிறேன். 90-க்குக் கீழே வந்தால் இறங்கு.

அவள் திரும்பும் டிக்கெட்டைத் தேதி மாற்றக்கூடியதாக எடுத்திருக்கிறேன். கூடுதல் காசு போனது, போகட்டும். இடிமேகம் இருந்தால் இருபது மைல் தள்ளி நில், அல்லது டெமிங்கில் அறை எடுத்து இரண்டு நாள் தங்கு, அல்லது கார் எடுத்துப் போ. சான் டியாகோ எங்கும் போய்விடாது.

நீங்கள் இருக்கும் இடத்தைக் காட்டும் கார்மின் இன்ரீச் இணைப்பை எனக்கு அனுப்பு. நீங்கள் காலை ஏழுக்குக் கிளம்பினால் இங்கே இரவு எட்டு, விழித்திருப்பேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு செய்தி, ஒரு எழுத்து போதும். உன் விமானத்தில் இரண்டே இருக்கை. நம் வீட்டில் மூன்று பேர்.

அந்தக் குழாய் பற்றிப் போனில் பேச வேண்டும். அம்மா காலை ஆறரைக்கு பிளாக் கீழே நடக்கப் போவாள், உனக்கு அது முந்தின நாள் மாலை ஐந்தரை. அப்போது கூப்பிடு.

அப்பா