நோட்டீஸுல அந்த ஒரு வார்த்தைய மாத்துங்க

சட்டத்தத் தமிழ்ல எழுதுறவங்களுக்கும், கோர்ட்டுல இருந்து போற நோட்டீஸுக்கு வாசகம் போட்டுக் குடுக்குறவங்களுக்கும் மேலூர்ல இருந்து வணக்கம். நான் மனு டைப் அடிச்சுக் குடுக்குற கடை வச்சிருக்கேன். டைப் அடிக்க வர்றவங்கள விட, கைல வந்த நோட்டீஸப் படிச்சுச் சொல்லுன்னு வர்றவங்கதான் எனக்கு அதிகம். கேச ரெண்டு பக்கமும் பேசித் தீத்துக்கட்டும்னு கோர்ட்டு அனுப்பும்போது, பேச வைக்கிற ஆளுக்கு நோட்டீஸுல "நடுவர்"னு போடுறீங்கல்ல, அந்த வார்த்தையப் பத்தித்தான் இது.

போன மாசம் ஒரு அய்யா வந்தாரு, அறுபத்தஞ்சு வயசு இருக்கும், பாதை கேசு. நோட்டீஸ நாலா மடிச்சு ரேசன் கார்டு கவருக்குள்ள வச்சிருந்தாரு. பிரிச்சுப் படிச்சா "நடுவர் முன்பு நேரில் ஆஜராக வேண்டும்"னு இருக்கு. அவரு கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு. "நடுவருண்டா மேஜிஸ்ட்ரேட்டுதானம்மா, நான் யாரையும் அடிக்கவும் இல்ல திருடவும் இல்ல, என்னைய எதுக்குக் கூப்டுறாக"ங்குறாரு. அவரு கேட்டதுல என்ன தப்பு? குற்றவியல் நடுவர் நீதிமன்றம்னு போர்டு போட்டிருக்கத அவரு பாத்திருக்காரு. காவிரிக்கு 1990ல போட்டதும் நடுவர் மன்றம்தான், 2007ல அது இறுதித் தீர்ப்பே சொல்லுச்சு. பட்டிமன்றத்துல நடுவர், கபடில நடுவர், எல்லாருமே கடைசில இவன் ஜெயிச்சான் அவன் தோத்தான்னு சொல்றவங்க. ஆனா இந்த அய்யாவக் கூப்டது அப்படி ஒருத்தர்கிட்ட இல்ல. ரெண்டு பேரையும் உக்கார வச்சுப் பேச விடுறவருகிட்ட, தீர்ப்பு சொல்ற அதிகாரமே இல்லாதவருகிட்ட.

சரி இங்கிலீசுலயே மீடியேட்டர்னு போட்டுரலாம்னு ஒரு வக்கீல் சார் சொன்னாரு. எங்க பக்கம் மீடியேட்டர்னா பிளாட் முடிச்சுக் குடுக்குற புரோக்கர் சார், ஒரு பர்சன்ட்டா ரெண்டு பர்சன்ட்டான்னுதான் மொதக் கேள்வியே வரும். பஞ்சாயத்துன்னு சொன்னா கட்டப்பஞ்சாயத்து ஞாபகம் வந்து ஆளு அந்தப் பக்கமே தலைவச்சுப் படுக்க மாட்டாங்க. மத்தியஸ்தர்னா பெருசுகளுக்குப் புரியும், காலேஜ் முடிச்ச புள்ளைங்க அப்படின்னா என்னக்காங்குதுக. மிச்சம் இருக்கது சமரசர். என் ஓட்டு அதுக்குத்தான், இப்படிப் பேசித் தீக்குறதுக்குக் கோர்ட்டுல ஏற்கனவே சமரச மையம்னுதான பேரு வச்சிருக்கீங்க. சமரசம்னா விட்டுக்குடுத்துத் தோத்துப் போறதுன்னு இன்னைக்கு ஒரு அர்த்தம் ஏறிக்கெடக்கு, தெரியும். ஆனா வள்ளலார் தன் சங்கத்துக்கே சமரசம்னு பேர் வச்சாரு, அது தோக்குறவன் வார்த்தை இல்ல.

நான் இம்புட்டு தூரம் இதுக்கு மல்லுக்கட்டுறதுக்கு எங்க வீட்டுலயே காரணம் இருக்கு. எங்க அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொதுக்கெணறு. ஆளுக்கு மூணு நாள் மொறை, மோட்டார் காயில் எரிஞ்சது யாரு மொறைலன்னு ஆரம்பிச்ச சண்டை கோர்ட்டு வரைக்கும் போயிருச்சு. கோர்ட்டு சமரசத்துக்கு அனுப்புச்சு, வந்த தாள்ல இதே நடுவர்ங்குற வார்த்தை. பெரியப்பா போகல. தம்பிக்காரன் எந்த ஆளையோ புடிச்சு எனக்கு எதிராத் தீர்ப்பு வாங்கப் பாக்குறான்னு நெனச்சுட்டாரு. அப்புறம் நாலு வருசம் வாய்தா, அந்த நாலு வருசத்துல ரெண்டு கல்யாணம் ஒரு சாவு, எதுக்கும் ஒருத்தருக்கொருத்தர் வாசப்படி மிதிக்கல.

கடைசில முடிச்சு வச்சது ஊருல ரிட்டயர் ஆன ஒரு வாத்தியார். கெணத்து மேட்டுலதான் பேச்சு. ரெண்டு வீட்டுல இருந்தும் காப்பி வந்துச்சு, ரெண்டையும் தொடல, பேசி முடியட்டும் அப்புறம் குடிக்கேன்னுட்டாரு. இப்படிச் செய்ங்கன்னு அவரு வாயில இருந்து ஒரு வார்த்தை வரல. "ஒங்க அண்ணன் என்ன சொல்றாருன்னு நீங்க சொல்லுங்க"ன்னு அப்பாகிட்ட கேட்டாரு, அதையே திருப்பி பெரியப்பாகிட்டயும் கேட்டாரு, அம்புட்டுதான். பெரியப்பா சொல்லிக்கிட்டு வரும்போதே தொண்டை அடைச்சிருச்சு. அவரப் பத்தி எங்க ஊருல "அவரு பொது ஆளு"ம்பாங்க. நடுவர்னு சொல்ல மாட்டாங்க.

நம்ம பாசையில இதுக்குப் பேருக்குப் பஞ்சமே இல்லைங்க. சண்டைய அமத்துறத சந்து செய்யிறதுன்னு சொல்லிருக்காங்க. சோழன் நலங்கிள்ளி உறையூர முற்றுகை போட்டு நிக்கையில, உள்ள அடைச்சுக்கிட்டு இருந்த இன்னொரு சோழன் நெடுங்கிள்ளிக்கும் அவனுக்கும் சேத்து, ஒங்கள்ல யாரு தோத்தாலும் தோக்குறது ஒங்க குடிதான்னு சங்கப் புலவர் கோவூர் கிழார் பாடுனாரு. புருசன் பொண்டாட்டி ஊடல்ல நடுவுல போயிப் பேசுற பாணன், தோழி இவங்களுக்கெல்லாம் பழைய இலக்கணத்துல வாயில்னு பேரு. வாயில்னா வாசல்தான, எம்புட்டு அழகா இருக்கு பாருங்க.

கேச பேசித் தீக்க அனுப்பலாம்னு சிவில் நடைமுறைச் சட்டத்துல 89ன்னு ஒரு பிரிவு இருக்கு, 2005லயே சென்னை ஹைகோர்ட்டுல சமரச மையம் வந்துருச்சு, 2023ல இதுக்குன்னே தனிச் சட்டமும் போட்டாங்க, அதுல 120 நாள்ல பேசி முடிக்கணும், வேணும்னா இன்னும் 60 நாள்னு இருக்கு. இம்புட்டும் செஞ்சுட்டு ஒரு வார்த்தைல ஆளக் கோட்ட விடுறோமேங்குறதுதான் எனக்கு ஆத்தாமை.

அதனால நோட்டீஸுல சமரசர்னே போடுங்க, எல்லாத்துலயும் ஒரே மாதிரி போடுங்க. "ஆஜராக வேண்டும்"ங்குறத எடுத்துட்டு "பேச வாருங்கள்"னு போடுங்க. அதுக்குக் கீழ கொஞ்சம் பெரிய எழுத்துல, நான் இப்ப வர்றவங்களுக்கெல்லாம் ஒரு துண்டுத் தாள்ல டைப் அடிச்சுக் குடுக்குற நாலு வரியவும் சேத்துக்கங்க:

"இவர் ஜட்ஜ் இல்லை. தீர்ப்பு சொல்ல மாட்டார். நீங்கள் பேசியதை வெளியே சொல்ல மாட்டார். ஒத்து வந்தால் கையெழுத்துப் போடலாம், கட்டிய கோர்ட் ஃபீஸ் திரும்பக் கிடைக்கும். ஒத்து வரவில்லை என்றால் கேஸ் அப்படியே நடக்கும்."