மூன்று வாரமாக ஒழுகும் மூக்கு

கயல் கண்ணுக்கு,

நேற்று மத்தியானம் உன் டேகேர் பிள்ளைகள் தூங்குகிற நேரம் பார்த்துப் போன் செய்தாய். குசுகுசுவென்று பாதி சொல்வதற்குள் ஒருத்தன் எழுந்து அழ, "அம்மா, வைக்கிறேன்" என்று வைத்துவிட்டாய். அதுவும் நல்லதுக்குத்தான். எழுதினால் நான் நிதானமாகச் சொல்லலாம். நீயும் "தெரியும்மா, தெரியும்மா" என்று நடுவில் வெட்ட முடியாது.

எனக்குப் புரிந்தது இதுதான். அந்த ஒன்றேமுக்கால் வயதுப் பையனுக்கு மூன்று வாரமாக மூக்கு ஒழுகுகிறது. காய்ச்சல் இல்லை. ஓடி ஆடுகிறான், கொடுத்ததைச் சாப்பிடுகிறான். ஆனால் திங்கட்கிழமை இன்னொரு பிள்ளையின் அம்மா வாசலில் நின்றபடியே முகத்தைச் சுளித்து, "இவனையெல்லாம் ஏன் வரவிடறீங்க?" என்று கேட்டுவிட்டாள். அதிலிருந்து உனக்கு மனசு சரியில்லை. சளி நிற்கிற வரைக்கும் கூட்டிக்கொண்டு வராதீர்கள் என்று பையனின் அம்மாவிடம் சொல்லிவிடலாமா என்று கேட்டாய்.

வேண்டாம். காரணத்தை அப்புறம் சொல்கிறேன். முதலில் ஒன்று: மூன்று வாரம் என்று எண்ணியது யார்?

ஏன் கேட்கிறேன் என்றால், பேச்சோடு பேச்சாக நீயே ஒன்று சொன்னாய். போன சனி, ஞாயிறு நன்றாக இருந்தானாம், திங்கட்கிழமை மறுபடி தும்மலாம், தண்ணீராக ஒழுகுகிறதாம். அப்படியானால் அது ஒரே சளி இல்லையடி. பழையது கெட்டியாகிக் காய்ந்து போகிற கட்டத்தில் இருந்திருக்கிறது. அதன் வால் போவதற்குள் புதுசு ஒன்று ஏறியிருக்கிறது. சளி பிடிக்க வைக்கும் வைரஸ்கள் 200-க்கும் மேல். ஒன்று வந்து போனால் மற்றவற்றுக்கு அது காவல் இல்லை. சின்னப் பிள்ளைக்கு வருஷத்துக்கு 6 முதல் 8 தடவை சளி பிடிப்பது சாதாரணம். நாலு பிள்ளைகள் கூடுகிற இடத்துக்கு வர ஆரம்பித்த முதல் வருஷம் அது இன்னும் கூடும். ஒவ்வொன்றும் 10 முதல் 14 நாள் இழுக்கும். எட்டைப் பன்னிரண்டால் பெருக்கிப் பார், 96 நாள் வருகிறது. அதிலும் சளிக் காலத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரும். அந்த மாதங்களில் மூக்கு ஒழுகாத நாளைத்தான் விரல் விட்டு எண்ண வேண்டும்.

அதனால்தான் நோட்டுப் புத்தகம் வை என்று ஆரம்பத்திலேயே சொன்னேன். நீ கேட்கவில்லை. பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு ஒரு பக்கம். தேதி, சளி தண்ணீரா கெட்டியா, இருமல் உண்டா, காய்ச்சல் எவ்வளவு, விளையாடினானா, தூங்கினானா. தினம் ஒரு வரி. மூன்று வாரம் என்று மனசு சொல்வதும் நோட்டு சொல்வதும் பல தடவை வேறாக இருக்கும். "இவன் எப்பவுமே இப்படித்தான்" என்று நான் நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால், நடுவில் ஐந்து நாள், ஆறு நாள் சுத்தமாக இருந்திருப்பான்.

இதில் இன்னொரு உபயோகமும் இருக்கிறது. 10 நாள் தாண்டியும் கொஞ்சம்கூடக் குறையவில்லை என்றால் டாக்டர் பார்க்க வேண்டும். குறைந்து வந்தது திடீரென்று மோசமாகி, காய்ச்சலும் சேர்ந்தால் பார்க்க வேண்டும். 39 டிகிரி செல்சியஸ் காய்ச்சலும் கெட்டிச் சளியும் சேர்ந்து மூன்று நாள் விடாமல் இருந்தாலும் அப்படித்தான். சைனஸில் பாக்டீரியா உட்கார்ந்திருக்கலாம் என்று டாக்டர்கள் சந்தேகப்படுவது இந்த மூன்று விதத்தில்தான். "ரொம்ப நாளா இருக்கு டாக்டர்" என்று அவன் அம்மா சொன்னால் அவருக்கு ஒன்றும் புரியாது. உன் நோட்டின் ஒரு பக்கத்தைக் காட்டினால் அரை நிமிஷத்தில் புரிந்துவிடும்.

சரி, ஏன் வராதே என்று சொல்லக் கூடாது? மூக்கு ஒழுக ஆரம்பிப்பதற்கு ஒரு நாள் முன்னாலேயே அவன் பரப்ப ஆரம்பித்துவிடுவான். முதல் இரண்டு மூன்று நாள்தான் அது உச்சத்தில் இருக்கும். நீ கண்டுபிடித்து வீட்டில் நிறுத்துவதற்குள் மற்ற பிள்ளைகளுக்குப் போக வேண்டியது போய்ச் சேர்ந்திருக்கும். காய்ச்சல் இல்லாத வெறும் சளிக்குப் பிள்ளையை நிறுத்த வேண்டியதில்லை என்றுதான் அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கமும் சொல்கிறது. அவர்கள் பார்க்கச் சொல்வது வேறு. அவனால் மற்றவர்களோடு சேர்ந்து இருக்க முடிகிறதா? அவனைக் கவனிப்பதிலேயே உன் நேரம் எல்லாம் போய் மற்ற பிள்ளைகள் அம்போ என்று விடப்படுகிறார்களா? சளியே இல்லாவிட்டாலும், நாள் முழுக்க உன் தோளை விட்டு இறங்காமல் சிணுங்குகிற பிள்ளையை வீட்டுக்கு அனுப்பலாம். மூக்கு ஒழுக ஒழுக மூலையில் கோபுரம் கட்டிக்கொண்டிருக்கிறவனை அனுப்ப வேண்டாம்.

நிறத்தைப் பார்த்தும் முடிவு பண்ணாதே. ஆரம்பத்தில் நானும் பச்சையாக வந்தால் உடனே போன் போட்டு அழைத்துப் போகச் சொல்லிவிடுவேன். எத்தனை அம்மாக்களை வேலையிலிருந்து ஓடிவர வைத்திருக்கிறேனோ! சளியோடு சண்டை போடப் போகிற வெள்ளை அணுக்களுக்குள் பச்சை நிறத்தில் ஒரு நொதி இருக்கிறது. அதுதான் அந்த நிறம். சாதாரண வைரஸ் சளியே நாலைந்து நாளில் மஞ்சளாகி, பச்சையாகி, மறுபடி வெளுத்துப் போகும். பச்சை என்பதற்காகவே ஆன்டிபயாடிக் கேட்பதும் வீண். வைரஸுக்கு அது வேலை செய்யாது.

இனிமேல் சொல்வது நான் யாரிடமும் அதிகம் சொல்லாதது. நீ அப்போது ஹாஸ்டலில் இருந்தாய். என்னிடம் இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை வந்துகொண்டிருந்தாள். மூக்கு ஒழுகல்தான். ஒரு வாரம் ஆச்சு, இரண்டு வாரம் ஆச்சு. கிட்டப் போனால் நாற்றம். குளிப்பாட்டுவதில் ஏதோ குறை என்று அவள் அம்மாவை மனசுக்குள் குறை சொன்னேன், வாயாலும் ஜாடையாக ஒரு தடவை சொல்லிவிட்டேன். ஒரு நாள் ஜன்னல் பக்கம் உட்கார வைத்துத் துடைக்கும்போதுதான் கவனித்தேன். இடது மூக்கு காய்ந்து கிடக்கிறது. வலது பக்கம் மட்டும்தான் ஒழுகுகிறது. அன்றைக்கே டாக்டரிடம் போனார்கள். சின்ன இடுக்கி மாதிரி ஒன்றை விட்டு இழுத்தால், மஞ்சள் ஸ்பாஞ்ச் துண்டு, சுண்டு விரல் நகம் அளவு. என் வீட்டுக் குஷனில் ஓரம் பிய்ந்திருந்த இடத்திலிருந்து அவள் கிள்ளி எடுத்தது. அவள் அம்மா என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு பக்கம் மட்டும் ஒழுகி, நாற்றமும் இருந்தால் உள்ளே ஏதோ மாட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள். நீயாகத் தோண்டாதே, இன்னும் உள்ளே போய்விடும். பொம்மையிலிருந்து விழுந்த பட்டன் பேட்டரியோ என்று சந்தேகம் வந்தாலோ, ஒரு நிமிஷம் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொல். சில மணி நேரத்திலேயே அது உள்சதையை அரித்துவிடும். அப்போது மூக்கில் சொட்டு மருந்து எதுவும் விடக் கூடாது.

மற்றவை சுருக்கமாக. தும்மல், கண் அரிப்பு, தெளிந்த தண்ணீர் மாதிரி ஒழுகல், உள்ளங்கையால் மூக்கை மேலே மேலே தேய்ப்பது, காய்ச்சலே கிடையாது என்றால் அலர்ஜியாக இருக்கலாம். வாயைத் திறந்துகொண்டே இருக்கிறான், மத்தியானத் தூக்கத்தில் பெரியவர்கள் மாதிரி குறட்டை விடுகிறான் என்றால் மூக்குக்குப் பின்னால் அடினாய்டு சதை வளர்ந்திருக்கலாம். சளி பிடித்து நாலைந்து நாள் கழித்துக் காய்ச்சல் வந்து காதைப் பிடித்துக்கொண்டு அழுதால் காதைப் பார்க்க வேண்டும். இதெல்லாம் பெயர் வைப்பதற்கு இல்லை, டாக்டர் வேலையை நாம் பார்க்க வேண்டாம். கண்டதை எழுதிக் கொடு, போதும்.

மூச்சை மட்டும் நீயே எண்ணக் கற்றுக்கொள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கி வயிறு ஏறி இறங்குவதை முழுசாக ஒரு நிமிஷம் எண்ணு. ஒரு வயதிலிருந்து ஐந்து வயது வரை 40, அதற்குக் கீழே 2 மாதம் வரை 50. அந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ, மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலோ, சாயங்காலம் வரை காத்திருக்காதே. 3 மாதத்துக்குள் இருக்கிற குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் வந்தாலே போதும், உடனே டாக்டர்.

அப்புறம் துடைக்கிற விதம். பின்னாலிருந்து வந்து திடீரென்று மூக்கைப் பிடித்தால் எந்தப் பிள்ளையும் திமிறத்தான் செய்யும். எதிரில் உட்கார்ந்து, "துடைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைக் கையில் கொடு. துணியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, காய்ந்து ஒட்டியிருப்பதன்மேல் ஒரு பத்து வினாடி சும்மா வைத்திரு. ஊறிவிடும். அப்புறம் ஒற்றி எடு, இழுக்காதே. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் சிவந்து தோல் உரிந்திருக்கிறது என்றாயே, அது சளியால் பாதி, நாள் முழுக்கத் தேய்ப்பதால் பாதி. தூங்கப் போகும் முன் அங்கே மெல்லிசாக வாஸ்லின் தடவு. ஒரு பிள்ளையின் துணி இன்னொரு பிள்ளைக்குக் கூடாது. டிஷ்யூ என்றால் ஒரு தடவைதான், உன் ஏப்ரன் பையில் திணித்து வைத்துக்கொள்கிற பழக்கத்தை விடு. நான் பார்த்தேன்.

அந்த ஐந்து மாதக் குழந்தைக்கு மூக்கடைத்தால் பால் குடிக்க முடியாது, மூக்கால் மூச்சு விட்டுப் பழகிய வயது. பால் கொடுப்பதற்கு முன்னால் சலைன் என்கிற உப்புநீர்ச் சொட்டு விட்டுக் கொஞ்சம் பொறுத்து உறிஞ்சி எடுத்துவிடலாம், ஆனால் அவளுடைய அம்மா சொல்லி, எழுதிக் கொடுத்த பிறகு. தலைக்கு அணை வைத்துத் தூங்க வைக்காதே. கடையில் கிடைக்கிற சளி சிரப் எதையும், யார் பையில் வைத்து அனுப்பினாலும், இந்த வயதுப் பிள்ளைகளுக்கு நீயாகக் கொடுக்காதே. பலனும் கிடையாது, ஆபத்தும் உண்டு. கொதிக்கிற தண்ணீரில் ஆவி பிடிக்க வைப்பது வேண்டவே வேண்டாம்.

உண்மையில் சளியைச் சுமந்துகொண்டு சுற்றுவது நம் கைதான். ஒரு மூக்கைத் துடைத்துவிட்டு அப்படியே அடுத்த பிள்ளைக்கு ஊட்டப் போவோம். ஒவ்வொரு துடைப்புக்கும் அப்புறம் சோப்புப் போட்டு 20 வினாடி. கை வறண்டு வெடிக்கும், பரவாயில்லை, உன் கைக்கும் அதே வாஸ்லின். வாயில் வைத்த பொம்மைகளுக்கு ஒரு வாளி தனியாக வை, கழுவிய பின் திரும்ப வரட்டும். பாய்களை ஒரு கை தூரம் தள்ளிப் போட்டு, ஒருத்தன் தலைமாட்டில் அடுத்தவன் கால் வருகிற மாதிரி படுக்க வை. ஜன்னலைத் திற.

இப்போது அந்த இரண்டு அம்மாக்கள். புகார் சொன்னவளிடம் பையனைப் பற்றி எதுவும் பேசாதே. இன்னொரு பிள்ளையின் உடம்பு விஷயம் அவளுக்குச் சொல்ல வேண்டியது இல்லை. "காய்ச்சல் வந்தா, விளையாட முடியாம சுருண்டு படுத்தா யாரையும் வீட்டுக்கு அனுப்பிடுவேன், உங்க பொண்ணுக்கும் அதே விதிதான்" என்று சொல். அவள் பெண்ணுக்கு அடுத்த வாரம் ஒழுகும்போது இந்த விதி அவளுக்கே இனிக்கும். அந்த விதியைச் சேர்க்கும்போதே எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். நீ வாங்கவில்லை என்று தெரியும். இந்த மாதமே எல்லோருக்கும் ஒன்றாகக் கொடு, இவனுக்காகப் போட்டதாகத் தெரியக் கூடாது.

அமெரிக்காவில் டூசான் என்கிற ஊரில் பிள்ளைகளைப் பிறந்ததிலிருந்து 13 வயது வரை கவனித்து, 2002-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பெரிய டேகேருக்குப் போன பிள்ளைகளுக்கு 2 வயதில் சளி அதிகம், ஆனால் பள்ளிக்கூடம் போகிற 6 வயதிலிருந்து 11 வயது வரை மற்றவர்களைவிடக் குறைவு. இது உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன். புகார் சொல்கிற அம்மாவிடம் இதை எடுத்து விடாதே. ராத்திரி தூங்காத பிள்ளையை மடியில் வைத்திருக்கிறவளிடம் ஆறு வயதில் சரியாகிவிடும் என்று சொன்னால் அடிதான் விழும்.

பையனின் அம்மாவிடம் பேசும்போது வாசலில், மற்றவர்கள் காதுபட வேண்டாம். நோட்டைக் காட்டு. அவளே வெட்கப்பட்டுக்கொண்டு காலையில் தெருமுனையிலேயே நிறுத்தி மூக்கைத் துடைத்துவிட்டுத்தான் கூட்டி வருவாள், எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். அதனால் ராத்திரி எப்படி இருந்தான், இருமினானா என்று நீ கேட்டால்தான் உண்மை வரும். திங்கட்கிழமை ஆரம்பித்ததை முதல் நாளாக வைத்து, பத்தாம் நாள் வரை இருவரும் எழுதிப் பார்ப்போம், குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள் என்று சொல். நடுவில் நான் சொன்னது ஏதாவது தெரிந்தால் பத்து நாள் கணக்கெல்லாம் கிடையாது.

நாளைக் காலையில் அவன் வந்ததும், துடைப்பதற்கு முன்னால், ஜன்னல் பக்கம் உட்கார வைத்து இரண்டு பக்கமும் ஒழுகுகிறதா என்று பார். பார்த்துவிட்டு எனக்கு ஒரு வார்த்தை போன் செய். மத்தியானம் வரைக்கும் காக்க வைக்காதே.

அம்மா