முதலில் மண், அப்புறம் சிப்பாய்

கண்ணு,

நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ சண்டையை மேஜைமேல் விளையாட்டாகக் கொண்டுவரப் போகிறோம், எந்த ஃபிகர், அதாவது குட்டிச் சிப்பாய்ப் பொம்மை, வாங்கலாம் என்று கேட்டிருந்தாய். போனில் பேசினால் பாதி விட்டுப்போகும், அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன். இப்போதைக்கு ஒரு பெட்டிகூட வாங்க வேண்டாம். மேஜை எவ்வளவு பெரியது, போர்க்களத்தில் எந்தத் துண்டு அதன்மேல் வரப்போகிறது, இது இரண்டையும் முதலில் நீயும் மாப்பிள்ளையும் பேசி முடிவு செய்யுங்கள். 6 அடிக்கு 4 அடி மேஜையில் 28 மில்லிமீட்டர் உயர ஃபிகரை வைத்துக்கொண்டு மொத்த வாட்டர்லூவையும் ஆட முடியாது. முழுச் சண்டையும் வேண்டுமென்றால் 6 மில்லிமீட்டருக்குப் போகலாம், முகம் தெரியாது, ஆனால் சில நூறு பேர் கொண்ட ஒரு பட்டாலியன் பட்டாலியனாகவே கண்ணுக்குப் படும். முகமும் பட்டனும் வேண்டுமென்றால் 28தான், அப்போது ஒரு பண்ணைவீட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

என்னைக் கேட்டால் அந்தப் போர்க்களத்தின் நடுவில் இருந்த லா ஹே சேன்ட் பண்ணையை எடு. 1815 ஜூன் 18 அன்று மேஜர் பாரிங் கிட்டத்தட்ட 400 ஜெர்மன் வீரர்களோடு அதைப் பிடித்து வைத்திருந்தார். பிரிட்டிஷ் படையில் சேர்ந்து நெப்போலியனை எதிர்த்த கிங்ஸ் ஜெர்மன் லீஜனின் இரண்டாம் லைட் பட்டாலியன், பச்சை உடுப்பு, கையில் பேக்கர் ரைஃபிள். முந்தின ராத்திரி கொட்டும் மழையில் குளிர்காய விறகில்லாமல் கொட்டகையின் மேற்குக் கதவையே உடைத்து எரித்துவிட்டார்கள். மறுநாள் அந்த வாசலை உடம்பால்தான் அடைக்க வேண்டியிருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் கொட்டகைக்குத் தீ வைத்தபோது சமையல் கெட்டில்களில் முற்றத்துக் குளத்துத் தண்ணீரை மொண்டு ஊற்றி அணைத்தார்கள். கூடுதல் ஆட்கள் வந்தார்கள், தோட்டா மட்டும் வரவேயில்லை. சாயங்காலம் ஆறு மணி தாண்டி, சுடுவதற்கு ஒன்றுமில்லாமல்தான் பண்ணை கைமாறியது. பார், இந்தக் கதை முழுக்க ஒரு வாசல், ஒரு சுவர், ஒரு குளம். அதையெல்லாம் செய்யாமல் சிப்பாயை மட்டும் அழகாகப் பெயின்ட் அடித்து வைத்தால் அவன் எதற்காகச் செத்தான் என்பதே தெரியாது.

அடுத்தது அளவுக் கணக்கு, புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது இங்கேதான். 28 மில்லிமீட்டர் ஃபிகர் ஏறக்குறைய 56-ல் ஒரு பங்கு. ஒரு பட்டாலியனில் 500 பேர் இரண்டு வரிசையாக நின்றால் நிஜத்தில் 140 மீட்டர் வரும், அதே அளவில் சுருக்கினாலும் 8 அடி. உன் மேஜையே 6 அடிதான். அதனால்தான் இருபது இருபத்துநாலு ஃபிகரை ஒரு பட்டாலியன் என்று வைத்துக்கொள்கிறோம், அதாவது தரையை ஃபிகரைவிடப் பல மடங்கு சுருக்கிவிட்டோம். அப்போது பண்ணைவீடு மட்டும் முழு அளவில் இருந்தால் பாதி மேஜையை விழுங்கிவிடும். வழி இதுதான்: கட்டடத்தின் நீள அகலத்தைக் குறை, கதவு ஜன்னலின் உயரத்தைக் குறைக்காதே. ஃபிகர் கதவுக்குப் பக்கத்தில் நிற்கும்போது பொருந்தினால் போதும், மற்றதைக் கண் தானே ஏற்றுக்கொள்ளும்.

இதை ரொம்பப் பெரிய அளவில் செய்து பார்த்தவர் வில்லியம் சைபார்ன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி. நீ இருக்கும் லண்டனிலேயே, செல்சியில் நேஷனல் ஆர்மி மியூசியத்தில் அவருடைய மாடல் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் போய்ப் பாருங்கள். 1830-ல் அந்த லா ஹே சேன்ட் பண்ணையிலேயே எட்டு மாதம் தங்கி நிலத்தை அளந்தவர் அவர். ஒரு மைலுக்கு 9 அடி என்று தரையைச் சுருக்கினார், சுமார் 75,000 குட்டிச் சிப்பாய்களைத் தரையின் அளவைவிடப் பெரிதாகவே வைத்தார், மேடு பள்ளத்தையும் கொஞ்சம் தூக்கிக் காட்டினார். நாம் இன்று மேஜையில் செய்கிற அதே சமரசம்.

மேட்டுக்கு இப்போதைய போட்டோவை நம்பாதே. சண்டையின் நினைவாகக் குவித்து 1826-ல் முடிந்த சிங்க மேட்டுக்கு மண் எடுத்ததில், பிரிட்டிஷ் தரப்புத் தளபதி வெலிங்டன் நின்ற சரிவின் ஒரு பகுதியே உருமாறிவிட்டது. மேஜை முழுக்க ஒரு அங்குல இன்சுலேஷன் ஃபோம் பலகையைப் போட்டு, தரைமட்டத்துக்குக் கீழே போகும் தாழ்ந்த சாலையை அதற்குள் செதுக்கு. மேஜைக்குக் கீழே பள்ளம் தோண்ட முடியாது, சுற்றியுள்ள தரையைத்தான் உயர்த்த வேண்டும். சரிவு மெதுவாக இருக்கட்டும், செங்குத்தாக வைத்தால் உலோக ஃபிகர் வழுக்கி விழுந்து துப்பாக்கி வளையும். ஃபோம்மேல் நேராக ஸ்பிரே அடித்தால் அரித்துத் தின்றுவிடும், முதலில் ஃபெவிகாலில் மணலைக் கலந்து பூசிக் காயவிடு.

ஃபிகருக்கு இப்போது வருவோம். மாப்பிள்ளைக்கு நெப்போலியனின் தேர்ந்தெடுத்த காவல்படையான இம்பீரியல் கார்டுதான் வேண்டுமாம், அவர் ஆசை நியாயமானதுதான், ஆனால் இந்தப் பண்ணைக்கு அது தேவையில்லை. சாதாரண பிரெஞ்சு லைன் காலாட்படை வாங்கு. பெட்டியில் எந்த வருஷம் என்று பார்க்காமல் வாங்காதே, 1812-ல் உடுப்பு மாறியது, அதற்கு முந்தின நீள வால் கோட்டு இங்கே உதவாது. மேல்கோட்டு போட்டு, தொப்பிக்கு உறை மாட்டியவர்களாகக் கிடைத்தால் இன்னும் நல்லது, அந்த மழைக்கு அதுதான் பொருத்தம், பெயின்ட் வேலையும் பாதியாகும். பச்சைச் சட்டைக்காரர்களில் நின்று சுடுகிறவன் மட்டும் போதாது, குனிந்து தோட்டா போடுகிறவன், சுவரோரம் மண்டியிட்டவன் எல்லாம் கலந்து எடு. எல்லா ஃபிகரும் ஒரே கம்பெனி தயாரிப்பாக இருப்பது நல்லது, 28 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் ஒரு கம்பெனியின் ஆள் இன்னொரு கம்பெனியின் ஆளைவிட ஒரு தலை உயரமாக நிற்பான்.

பண்ணையைச் சுற்றியிருந்த ரை (கோதுமை போன்ற தானியம்) வயலுக்கு அங்கே ஒன்றும் வாங்காதே. அந்த ஜூனில் பயிர் ஆள் நெஞ்சுக்கு மேல் நின்றது, அதற்குத் தென்னைநார் கால்மிதியை வெட்டி ஒட்டினால் நிறமும் உயரமும் அப்படியே அமையும். பட்டாளம் நடந்த இடத்தில் மட்டும் நாரைப் படுக்கவைத்து ஒட்டு. நம்ம பொள்ளாச்சிக் கால்மிதி நாலு அடுத்த பார்சலில் போடச் சொல்லி அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். வயல் எத்தனை அங்குலம் வருகிறது என்று அளந்து எழுது, பத்தாவிட்டால் இன்னும் இரண்டு சேர்த்து அனுப்புகிறேன்.

அப்பா